சிரிச்சுக்கிட்டே “பாப்போம்”னா சம்மதமா?

வடவாறு:
மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் சுயஉதவிக் குழுக் கடன் தவணை வசூலுக்குப் புது ஆட்கள் போறாங்க. யாராவது சிரிச்சுக்கிட்டே “ஆகட்டும், பாப்போம்”னு சொன்னா, சம்மதம்னு குறிச்சுக்கிட்டு வந்துடறாங்க. எதை வெச்சு முடிவு பண்றது?

அரசலாறு:
முதல்ல கண்ணு. உதட்டோரத்தை மேலே இழுக்கிற தசை நாம நினைச்ச நேரம் அசையும். கண்ணைச் சுத்தி இருக்கிற தசை மனசு குளிர்ந்தாத்தான் சுருங்கும்னு 1862-லயே துய்சேன்ங்கிற பிரெஞ்சு மருத்துவர் எழுதிட்டார். நிஜச் சிரிப்புன்னா கன்னம் ஏறணும், கீழ் இமை தடிக்கணும், கண்ணோரம் சுருக்கம் விழணும்.

குடமுருட்டி:
அதெல்லாம் திண்ணை நிழல்ல சரி. வரப்புல நின்னு பேசினா வெயிலுக்கே கண் இடுங்கும், சுருக்கமும் விழும். வலிஞ்சு பலமா சிரிச்சாலும் கன்னம் ஏறத்தான் செய்யும். வெத்தலை போட்டவர் வாயை மூடிக்கிட்டு முறுவலிச்சா அது விறைப்பு இல்ல, வாய் நிறையச் சாறு. எந்திரிச்சுத் துப்பிட்டு வந்தார்னா பேசப் போறார்னு அர்த்தம். துப்பாமலே தலையாட்டி அனுப்பினா கிளம்புங்க.

இன்னொண்ணு, சிரிப்புன்னாலே சந்தோஷம் இல்ல. தொல்காப்பியம் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, சொல்ற காரணம் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்புறது). சந்தோஷத்துக்கு உவகைன்னு தனி மெய்ப்பாடே (உடம்புல வெளிப்படுற உணர்ச்சி) உண்டு.

வெண்ணாறு:
முகத்தை விடுங்க, மாசத்தைக் கேளுங்க. “அறுப்பு முடியட்டும்”னு சிரிச்சா, குறுவையா சம்பாவான்னு உடனே கேக்கணும். குறுவைன்னா புரட்டாசி, ஐப்பசி. சம்பான்னா தை, மாசி. ரெண்டுக்கும் நாலு மாச வித்தியாசம் இருக்கு! “பொங்கல் கழிச்சு”ன்னு வாயால சொன்னா எழுதிக்கலாம். கேட்டதும் சிரிப்பு மட்டும் பெரிசாகி, “காப்பி சாப்பிடுறீங்களா”ன்னு பேச்சு திரும்பினா இல்லைன்னுதான் அர்த்தம். வீடு தேடி வந்தவங்ககிட்ட முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. அங்கேயே நின்னு நெருக்கினா அடுத்த தடவை கதவு திறக்காது.

மாமியாரை ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே ஒரு பொண்ணு அசட்டுச் சிரிப்பு சிரிச்சா, கடன் விஷயம் வீட்டுக்குத் தெரியாம இருக்கலாம். தொகையைச் சத்தமா சொல்லாதீங்க. குழுக் கூட்டத்துல தனியா கேளுங்க.

குடமுருட்டி:
வசூலுக்குப் போறவங்க சிரிப்பும் கணக்குல உண்டு. கருமாதி முடியாத வீட்டுக்குப் போகவே வேண்டாம். தெரியாமப் போயிட்டா நோட்டை எடுக்காம, சிரிக்காம, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு எந்திரிங்க. “போயிட்டு வர்றேன்”னு சொல்லாதீங்க.

வடவாறு:
நன்றி. நோட்டுல “பாப்போம்”க்குப் பக்கத்துல மாசம் எழுத ஒரு கட்டம் போட்டுடறோம். காலியா இருந்தா வசூல் கணக்குல சேர்க்கிறதில்ல.