தி எஃப்16ஸ்: நேரில் கேட்டவர்கள் வாருங்கள்

அடையாறுக்காரன்:
சென்னையில் 2012இல் தொடங்கிய ராக் குழு இது. ஜோஷ் ஃபெர்னாண்டஸ் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பார். இன்னொரு கிட்டார் அபினவ் கிருஷ்ணசாமி, கீபோர்டு ஹர்ஷன் ராதாகிருஷ்ணன், பேஸ் கிட்டார் சஷாங்க் மனோகர். அலுவலகத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் போர் விமானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வெளியூரில் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள், சொந்த ஊரில் சீந்துவாரில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்டது ஓர் ஓட்டல் பாரில். மேடைக்கு எதிர் மேசையில் யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டில் ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதன் அடியில் பேஸ் நுழைந்ததும், கேக் மேசையிலிருந்த ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து நின்றார். பாட்டு முடியும்வரை நகரவில்லை. மேசையிலிருந்து கூப்பிட்டார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜோஷ் கத்த மாட்டார். குரலில் ஒரு சோம்பல் இருக்கும். மனம் நொந்த வரியை ஆடவைக்கும் தாளத்தின் மேல் ஏற்றிவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதவர் போல் நிற்பார். நாம் ஆடிக்கொண்டிருப்போம். வரி என்ன சொன்னது என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைக்கும்.

உங்களுக்கு எப்படி அறிமுகம்?

பெங்களூரிலிருந்து:
ஊரைத் திட்டாதீர்கள் நண்பரே, இடத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் டாஸ்மாக்கை விட்டால் பார் உரிமம் பெரும்பாலும் ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். ஓட்டலின் வாடகைக்கும் விலைப்பட்டியலுக்கும் நடுவில் புதுக் குழு எங்கே பழகும்? இங்கே பப்பில் வாரநாளில் நூறு பேர் முன்னால் தப்புத் தப்பாக வாசித்துத் தேறலாம். சென்னையில் அதற்கு ஐஐடியின் சாரங் கலைவிழாப் போட்டி, அன்வைண்ட் சென்டர் என்ற இசைக்கூடம் நடத்திய ஜூன் ராக் அவுட் இசைவிழா என்று விரல்விட்டு எண்ணும் வாய்ப்புகள்தான் இருந்தன. ஸ்க்ராட் போன்ற மற்றச் சென்னை ராக் குழுக்களும் அதே சந்து வழியாகத்தான் வந்தார்கள்.

நான் இவர்களைக் கேட்டது இங்கே, திறந்தவெளியில். நல்ல மழை. பின்னால் நின்ற கன்னடப் பையன்கள் ஒரு வரி விடாமல் கூடவே பாடினார்கள். 'எங்கள் ஊர்க் குழு' என்று சொன்னேன், நம்பவில்லை. சென்னை என்றால் கச்சேரியும் சினிமாவும் மட்டும்தான் என்று நினைப்பு.

மதுரை வாசகர்:
நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் ஆங்கிலம்? தமிழில் பாடினால் இந்தப் புலம்பலே தேவைப்படாதே.

மயிலாப்பூர் மாமி:
டிசம்பரில் சபாவில் உட்கார்ந்து தியாகராஜரைத் தெலுங்கில் மூன்று மணி நேரம் கேட்கிறோம். பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை தம்பி.

என் பேத்தி இவர்களுடைய 2021 தொகுப்பைக் காரில் போட்டாள். பெயரைக் கேட்டதும் பயந்துவிட்டேன்: 'இஸ் இட் டைம் டு ஈட் த ரிச் யெட்?' பணக்காரர்களைத் தின்னும் நேரம் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். பாட்டோ தேன். குரலோடு குரலாக அடுக்கி, பழைய ரேடியோ சிலோன் ஆங்கிலப் பாட்டு நேரத்தில் வருமே, அந்தச் சாயல். இவ்வளவு இனிப்பாகத் திட்டலாம் என்று எனக்குத் தெரியாது. டிரம்ஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் அடங்கியிருக்கலாம்.

மதுரை வாசகர்:
அம்மா, தெலுங்குக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம், அதைச் சொல்லுங்கள்.

அடையாறுக்காரன்:
வெளிவந்த வரிசையில் கேட்க வேண்டாம். 2013இல் வந்த 'கலைடோஸ்கோப்' துள்ளலானது, ஆனால் வெளிநாட்டுக் குழுக்களைக் கேட்டு வளர்ந்த பையன்களின் கைவேலை என்று தெரிந்துவிடும். மாமி சொன்ன 2021 தொகுப்பில் தொடங்குங்கள். பிடித்தால் 2016இல் வந்த 'ட்ரிகர்புங்க்டே'. அவர்களின் முதல் முழு ஆல்பம், இருட்டானது, இரவில் ஹெட்போனில் கேளுங்கள். என் கணக்கில் அவர்களின் உச்சம் அதுதான், பெங்களூர் நண்பர் சண்டைக்கு வருவார். 2019இல் வந்த 'வீக்எண்ட் ஃப்ரெண்ட்ஸ்' இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அட்டையில் பெயரை உயிரெழுத்தே இல்லாமல் போட்டிருப்பார்கள், தேடும்போது கவனம்.

பெங்களூரிலிருந்து:
சண்டைக்கு வந்துவிட்டேன். உச்சம் 2019தான்.