நாட்டுக்கு நாடு நிறம் மாறிய மை லிட்டில் போனி: உங்களை இன்னும் விடாத ஒரு அனுபவம்?

மாலுமி62

ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் நின்ற ஒரு ஞாயிறு. மெட்ரோ பிடித்து மொனாஸ்டிராகி போனேன். அவிசினியா சதுக்கத்துப் பழைய சாமான் கடைகளில் ஒன்றில் கூடை நிறைய பொம்மைக் கை கால்கள். அதற்கு அடியில் அவள் கிடந்தாள், ஒரு மை லிட்டில் போனி குதிரைப் பொம்மை.

1983-ல் அமெரிக்க ஹாஸ்ப்ரோ கம்பெனி இறக்கிய முதல் ஆறு பேரும் எனக்கு மனப்பாடம். காட்டன் கேண்டி, புளூ பெல், பட்டர்ஸ்காட்ச், மின்டி, ஸ்னஸில், பிளாசம். இவள் வார்ப்பு அதே வார்ப்பு, ஆனால் நிறம் எவளோடும் சேரவில்லை. வார்த்த நாட்டின் பெயரைத் தேடிக் குளம்பைத் திருப்பினேன். ஹாங்காங்கும் இல்லை, சீனாவும் இல்லை. எல் கிரேகோ கம்பெனி கிரீஸிலேயே வார்த்தவளாக இருக்கும் என்று கை நடுங்கியது. விலை நான்கு யூரோ.

காசை எடுக்கக் குனிந்தேன். நிமிர்வதற்குள் கடைக்காரப் பெரியவர் அவளை வாங்கி, ஒரு புட்டியிலிருந்து துணியில் ஏதோ ஊற்றி, தொடையை அழுத்தித் துடைத்துவிட்டார். இரண்டே இழுப்பு. தொடையில் இருந்த படம் துணிக்குப் போய்விட்டது. எனக்குச் சுத்தம் செய்து தருகிறாராம். முகமெல்லாம் சிரிப்பு. “வேண்டாம்” என்று கத்தியிருக்கலாம், வாய் வரவில்லை.

அந்தத் துணியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு இளஞ்சிவப்புத் தீற்றல், ஒரு பச்சைத் தீற்றல். என்ன படமாக இருந்திருக்கும் என்று பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொலுப்படி

அண்ணா, அந்தத் துணியை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

என்னுடையது மாம்பலம். எங்கள் வீட்டுக் கொலுவில் கீழே பார்க் போடுவோம், கேழ்வரகு முளைப்பாரி, கண்ணாடித் துண்டில் குளம். அதன் கரையில் செட்டியாரும் செட்டிச்சியும் கடை விரித்திருக்க, பக்கத்தில் ஒரு போனி மேயும். அப்பா வாங்கி வந்தது. ஃபன்ஸ்கூல்தான், அட்டையில் பார்த்த நினைவு இருக்கிறது.

1994 கொலுவுக்கு, எதிர்வீட்டு மாமியின் மருமகள் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தாள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பியவள் சட்டென்று உட்கார்ந்தாள். மரப்பாச்சியையோ தசாவதார செட்டையோ பார்க்கவில்லை. போனியை எடுத்துக் கவிழ்த்து, நான்கு குளம்பிலும் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு எடுத்த இடத்திலேயே, குளத்தைப் பார்த்தபடி, அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

போனி சேர்ப்பவர்கள் நீங்கள் ‘நிர்வாணா’ என்று சொல்வது இப்படி அந்தந்த நாட்டில் வார்த்த குதிரைகளைத்தான் என்று எனக்குத் தெரிந்தது போன வருடம். அதற்குள் அம்மா பழைய பொம்மைகளோடு அதையும் யாருக்கோ கொடுத்தாயிற்று. அவள் விரலில் என்ன பட்டது? அது தெரிந்தால் போதும் எனக்கு.

குளம்படி

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மாலுமி அண்ணா, குளம்பில் ஹாங்காங் இல்லை என்பதற்காகக் கிரீஸ் என்று முடிவு கட்டக் கூடாது. அதே அச்சைப் பார்த்துக் கள்ளத்தனமாக வார்த்தவையும் ஏராளம். கண்ணின் வரைதல், முடி நட்ட துளைகளின் இடைவெளி, கழுத்து மூட்டு, மூன்றையும் ஒரிஜினல் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?

கொலுப்படி, 1987-ல் எம்.ஆர்.எஃப்., ஹாஸ்ப்ரோ இரண்டும் சேர்ந்து தொடங்கியது ஃபன்ஸ்கூல். இந்தியப் போனி அவர்கள் செய்தது என்பது சரி. ஆனால் அட்டையின் நினைவை மட்டும் வைத்து நம் வீட்டில் இருந்ததும் அதுதான் என்று எழுதினால், நாளை ஒருவர் அதை ஆதாரமாகக் காட்டி விற்பார்.

என் அனுபவம் சின்னது. லண்டனுக்கு வெளியே ஒரு கார் பூட் சந்தை, கார் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்பார்களே அது. பிஸ்கட் டின்னுக்குள் இத்தாலியில் வார்த்த ஒரு போனி, ஒரு இத்தாலிக்காரி, ஐம்பது பென்ஸ். வீட்டுக்கு வந்ததும் தலையைக் கழற்றிக் கவிழ்த்தேன், காபி டிகாக்‌ஷன் போலத் துருத்தண்ணீர் கொட்டியது. நல்ல நிலையில் இருக்கிறாள் என்று நம்பித் தூக்கி வந்தவள்.

அதனால் புதிதாகச் சேர்ப்பவர்கள் கவனியுங்கள். பழைய போனிகளின் வாலை உள்ளே பிடித்திருப்பது ஒரு உலோக வளையம். குளிப்பாட்டும் குழந்தைகள் கையில் அது துருப்பிடித்து, வாலடியில் பழுப்பாக ஊறும். வால் அடியை முதலில் பாருங்கள், முகத்தை அப்புறம் ரசிக்கலாம். கழுத்தைச் சுடுதண்ணீரில் பிடித்தால் இளகும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். ஆட்டி ஆட்டித் தலையைக் கழற்றி, வளையத்தை எடுத்துவிட்டு, வாலை நூலால் முடிந்து விடுங்கள். முடி நைலான் என்பதால் ஹேர் டிரையர் காட்டவே கூடாது, சுருண்டு கெட்டுப்போகும். பேனா மை இருந்தால் பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு கிரீமைத் தடவி வெயிலில் வைப்பார்கள். படத்தின் மேல் பட்டால் படமும் வெளுத்துவிடும், பஞ்சுக்குச்சியால் மட்டும் தொடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள், வினைல் பிசுபிசுத்துப் போகும். உள்ளே பழுப்புப் புள்ளி விழுந்தவளுக்கு மருந்தில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு சந்தைக்குப் போங்கள்.

கார்த்திகைப்பூ

குளம்படி அண்ணா, நீங்கள் சொன்னது எல்லாம் சரியாய் இருக்கலாம். நான் என்ர கதையைச் சொல்லுறன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து ஜெர்மனிக்கு வந்தது 1986. எனக்கு எட்டு வயசு வர, பலெர்மோவில இருந்த மாமா எங்களைப் பார்க்க வந்தவர். பெட்டியோட ஒரு போனி கொண்டு வந்தவர். பெட்டியில ‘மியோ மினி போனி’ எண்டு இருந்தது. நான் அதை நெஞ்சோட வைச்சுக்கொண்டுதான் படுப்பன்.

வகுப்பில ஒரு பிள்ளையிட்டயும் அதே போனி. அதே உடம்பு நிறம், தொடையில அதே படம். மயிர் மட்டும் வேற. அவளின்ரது நீலம், என்ரது வெள்ளை. அவள் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வைச்சுப் பார்த்திட்டு, எல்லாருக்கும் கேக்க, “உன்ரது கள்ளச் சாமான்” எண்டு சொன்னாள். எனக்குத் திருப்பிச் சொல்ல டொய்ச் பாஷை காணாது. மாமா ஏமாந்து போனார் எண்டுதான் நினைச்சன். மாமாவிட்டச் சொல்லவும் இல்லை.

அண்டைக்குப் பின்னேரம் நீல ஃபெல்ட் பேனையை எடுத்து, குளியலறையில இருந்து, மயிரை ஒவ்வொரு இழையாப் பூசினன். வாலையும் பூசினன். கையெல்லாம் நீலம். அம்மா கண்டிட்டு ஒண்டும் கேக்கேல்லை, தேங்காயெண்ணெய் போட்டு என்ர விரலை உரசிக் கழுவிவிட்டா.

அது இத்தாலிப் பதிப்பு எண்டு தெரிய எனக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு. மாமா அதுக்கு முதலே செத்துப்போயிட்டார்.

குளம்படி

தங்கச்சி, ஃபெல்ட் பேனா மை நைலானில் முழுக்க ஏறாமலும் இருந்திருக்கலாம். நான் சொன்ன கிரீமை முடியில் தடவி, பாலிதீன் சுற்றி, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் வைத்துப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் முடியை மாற்றலாம். தலையைக் கழற்றி, பழையதை உள்ளிருந்து இழுத்துவிட்டு, வெள்ளை நைலான் நடவேண்டும். ஒரு நாள் வேலை. இத்தாலிக்காரி வீணாகக் கூடாது. குளம்பு நான்கின் படமும் போடுங்கள்.

கார்த்திகைப்பூ

வேண்டாம் அண்ணா. அது அப்பிடியே இருக்கட்டும்.

குளம்பின்ர படம் போடுறன். வலது காதுக்குப் பின்னால பேனை போகாத இடத்தில ஒரு பத்து இழை இன்னும் வெள்ளையாய் இருக்கு, அதையும் எடுத்துப் போடுறன்.

கொலுப்படி

கார்த்திகைப்பூ, உங்கள் அம்மா ஒன்றும் கேட்காமல் கையைக் கழுவிவிட்டார்களே, அங்கேயே நிற்கிறது மனசு.

குளம்படி அண்ணா, நான் யாருக்கும் எதையும் விற்கவில்லை. என்னிடம் போனியே இல்லை. ஃபன்ஸ்கூல் போனி யார் வீட்டிலாவது இருந்தால், குளம்பைக் கவிழ்த்து ஒரு படம் மட்டும் போடுங்கள். கட்டை விரலை அதன் பக்கத்தில் வைத்து எடுத்தால் நல்லது.