பங்க் ராக் இசையில் பழைய ராக் குழுக்களின் தாக்கம்

கேள்வி

1970களின் நடுவில் எழுந்த பங்க் இசை, தனக்கு முன்பிருந்த ராக் இசையை அடியோடு மறுத்துவிட்டுப் பிறந்தது என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் லெட் செப்பலின் குழுவின் 1969ஆம் ஆண்டு ஆல்பத்திலுள்ள 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' பாடலையும், ரமோன்ஸ் குழுவின் 1976ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, கிதாரின் ஓட்டம் இரண்டிலும் ஒரே கையிலிருந்து வந்ததுபோல் எனக்குப் பட்டது. இது தற்செயலானதா? பழைய பாடலை எடுத்துத் திரும்பப் பாடியவற்றைப் பற்றி நான் வினவவில்லை. வாசிக்கும் முறையிலேயே ஊறிப்போன தாக்கங்களை அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1

தற்செயல் அல்ல. தம் வாசிப்பு முறைக்கு அந்தப் பாடலே தூண்டுதல் என்று ரமோன்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜானி ரமோன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வேகமான பாடல்களில் பிக்கை (கம்பிகளை மீட்டும் சிறு தகட்டை) மேலும் கீழுமாக மாற்றி இழுப்பதே கிதார் கலைஞர்களின் வழக்கம். கைக்கு அது எளிது. கீழ்நோக்கி மட்டுமே அடித்தால் ஒவ்வொரு அடியும் ஒரே எடையுடன் விழும், தடித்த கம்பிகள் எப்போதும் முதலில் அதிரும், மணிக்கட்டோ சீக்கிரமே சோர்ந்துவிடும். லெட் செப்பலின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் ஒரு பாடலின் ரிஃப்புக்காக (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குக்காக) கையாண்ட இந்த முறையை, ஜானி ரமோன் கச்சேரி முழுவதற்குமான இலக்கணமாக்கி, தனி கிதார் வாசிப்பையும் ஏறக்குறைய விலக்கிவிட்டார். பங்க் இசையை எளிய இசை என்று ஒதுக்குபவர்கள், அந்த வேகத்தில் அரை மணி நேரம் கீழ்நோக்கி மட்டும் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் குழுவின் பெயரும் பழைய ராக் இசையிலிருந்து வந்ததுதான்; பீட்டில்ஸ் குழுவின் தொடக்க நாட்களில் பால் மெக்கார்ட்னி சிறிது காலம் வைத்துக்கொண்ட 'பால் ரமோன்' என்ற புனைபெயரே அதற்கு மூலம்.

மறுமொழி 2

இங்கிலாந்தில் இந்த உறவு இன்னும் மறைவாக இருந்தது. பிங்க் ஃபிளாய்ட் குழுவை வெறுப்பதாக எழுதிய சட்டையை அணிந்து திரிந்த, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜான் லைடன், 1977இல் லண்டன் கேப்பிடல் வானொலியில் தமக்குப் பிடித்த இசைத்தட்டுகளை ஒலிபரப்பியபோது, கேன், கேப்டன் பீஃப்ஹார்ட் ஆகியோருடன் பீட்டர் ஹாமிலின் பாடல்களையும் தேர்ந்தெடுத்தார். ஹாமில், வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற முற்போக்கு ராக் குழுவின் பாடகர். முணுமுணுப்பிலிருந்து சீற்றத்துக்கு நொடியில் தாவும் அவருடைய குரலைக் கேட்ட பிறகு லைடனைக் கேளுங்கள். மேலும் விளக்கம் தேவைப்படாது.

கிளாஷ் என்ற பங்க் குழுவின் மிக் ஜோன்ஸ் இளம் வயதிலேயே மாட் தி ஹூப்பிள் என்ற பழைய ராக் குழுவின் தீவிர ரசிகர். அந்தக் குழுவை உருவாக்கிய கை ஸ்டீவன்ஸே 1979இல் கிளாஷின் 'லண்டன் காலிங்' ஆல்பத்தைத் தயாரித்தார். டேம்ட் என்ற பங்க் குழு தன் இரண்டாவது ஆல்பத்துக்கு, பிங்க் ஃபிளாய்டின் முன்னாள் பாடகர் சிட் பேரட்டை நாடி, கடைசியில் பிங்க் ஃபிளாய்டின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனைத் தயாரிப்பாளராகப் பெற்றது. இதையும் பலர் தாக்கம் என்பார்கள். அந்த ஆல்பத்தின் ஒலியில் பிங்க் ஃபிளாய்டின் சாயல் ஏதும் இல்லாததால், நான் அதை அப்படிக் கருதவில்லை.

மறுமொழி 3

அமெரிக்க ஹார்ட்கோர் (பங்கின் இன்னும் வேகமான, முரட்டு வடிவம்) குழுக்களையும் சேர்க்க வேண்டும். பிளாக் ஃபிளாக் குழுவின் 1984ஆம் ஆண்டு ஆல்பமான 'மை வார்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்தைத் தாண்டும் மூன்றே பாடல்கள் உள்ளன. பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் இழுத்து நகரும் கனம் அவற்றில் அப்பட்டமாகத் தெரிகிறது. வேகத்தையே அடையாளமாகக் கொண்டிருந்த ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பின்னர் மெல்வின்ஸ் போன்ற குழுக்களின் மெதுவான, கனத்த இசைக்கு அந்தப் பக்கம் விதையாயிற்று என்பதால், அக்குழு செய்தவற்றில் மிகத் துணிச்சலானது அதுவே என்று நான் நினைக்கிறேன். பிளாக் ஃபிளாக்கின் கிதார் கலைஞர் கிரெக் கின், கிரேட்ஃபுல் டெட் என்ற பழைய ராக் குழுவின் ரசிகரும்கூட.

மறுமொழி 4

எதிர்த்திசையிலும் பாருங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் 1978இல் வெளியிட்ட 'சம் கேர்ல்ஸ்' ஆல்பத்தின் வேகமான பாடல்களில், மிக் ஜாகரும் கிதாரை எடுத்துக்கொண்டு மற்ற இரு கிதார்களோடு ஒரே மூச்சில் ஓடுகிறார். மூத்தவர்கள் இளையவர்களிடம் கற்றுக்கொண்டது அதில் தெளிவாகக் கேட்கிறது.