ராஜ்மா மூன்று மணி நேரம் கொதித்தும் வேகவில்லை: அம்மாவின் குளிர்கால சூப்புக்கு உதவி தேவை

கேள்வி:
குளிர் தொடங்கிவிட்டது. இந்த நாட்களில் அம்மா ஒரு ராஜ்மா சூப் செய்வார். சூப் என்று பேர்தான், கரண்டியை நட்டால் நிற்கும், அவ்வளவு கெட்டி. ராஜ்மா, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், தக்காளி, மிளகு, வேறு எதுவும் கிடையாது. பள்ளி விட்டுக் கை விறைத்துப்போய் வாசலில் நுழையும்போதே தக்காளி கொதிக்கும் வாசம் வரும். கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, விரல்களில் சூடு ஏறிய பிறகுதான் சாப்பிடத் தொடங்குவோம்.

அம்மா இப்போது இல்லை. அளவு எதையும் எழுதி வைக்கவில்லை. என் மகளுக்கு அதைச் செய்து கொடுக்க ஆசை. இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் ராஜ்மா வேகவில்லை. 250 கிராம், இரவு 10 மணிக்கு ஊறப்போட்டுக் காலை 6 மணிக்கு எடுத்தேன். கனமான பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தேன். தோல் சுருங்கியிருக்கிறது, உள்ளே மட்டும் நறுக்கென்று கடிபடுகிறது. உருளைக்கிழங்கு கூடச் சரியாகக் குழையவில்லை. என்னிடம் பிரஷர் குக்கர் இல்லை, ஸ்லோ குக்கர் உண்டு. இரவே அதில் போட்டுக் குறைந்த சூட்டில் விட்டால் காலையில் வெந்திருக்குமா?

பதில் 1:
மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஸ்லோ குக்கர். பச்சை ராஜ்மாவை நேராக அதில் போடவே போடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் கொதிநிலை வராமலே போகலாம். 80 டிகிரி அளவில் அரைகுறையாக வெந்த ராஜ்மா, பச்சையாக இருப்பதைவிட அதிக நச்சாக மாறலாம். நாலைந்து ராஜ்மா உள்ளே போனாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. குழந்தைக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். தீயைக் குறைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பதில் 2:
மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வேகாததற்குக் காரணம் தக்காளி என்றே நினைக்கிறேன். பருப்பானாலும் காயானாலும் அதன் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின். கொதிக்கும்போது அது கரைந்தால்தான் மென்மை வரும். புளிப்பு இருந்தால் அது கரையாமல் இறுகி நிற்கும். உங்கள் உருளைக்கிழங்கும் குழையவில்லை என்கிறீர்களே, அதுவே பெரிய தடயம்.

அம்மா எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? நீங்கள் வீட்டுக்கு வந்த நேரத்தில் தக்காளி வாசம் தூக்கலாக இருந்தது என்றால், தக்காளி அப்போதுதான் உள்ளே போயிருக்க வேண்டும். ராஜ்மா அதற்கு முன்பே மணிக்கணக்காக வெந்திருக்கும்.

பதில் 3:
ஊறவைத்ததும் போதவில்லை. குளிர்ந்த சமையலறையில் ராஜ்மா மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். கோடையில் 8 மணி நேரம் போதும் என்றால் இப்போது 12, 14 மணி நேரம் விடுங்கள். ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். நடுவில் வெளிறிய கெட்டிப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ஊற வைத்தால் தோல் நன்றாக இளகும். உப்புப் போட்டால் வேகாது என்று பலரும் சொல்வார்கள், என் அனுபவத்தில் அப்படியில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள்.

பதில் 4:
வாங்கி எத்தனை நாள் ஆயிற்று? வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் ஓரிரு ஆண்டுகள் கிடந்த ராஜ்மா என்ன செய்தாலும் முரண்டுபிடிக்கும். உங்கள் தண்ணீர் கடினநீராக இருந்தாலும் இதே தொல்லைதான், அதிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிவிடும். இப்படிப்பட்ட நிலையில் 250 கிராமுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா உதவும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வந்து சூப்பே கெட்டுவிடும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்லோ குக்கர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, கேட்டது நல்லதாயிற்று. பதில் 2-ஐப் படித்ததும் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். என்னைவிட 6 வயது மூத்தவள், அடுப்படியில் அம்மாவோடு நின்றவள். "காலையிலேயே ராஜ்மா அடுப்பில் ஏறிவிடும். மதியம் உருளைக்கிழங்கு, கேரட். நீ வரும் நேரம் பார்த்துத்தான் தக்காளி" என்றாள். நான் இத்தனை வருடம் நினைவில் வைத்திருந்தது கடைசி அரை மணி நேரச் சமையலை மட்டும்தான்.

புது ராஜ்மா வாங்கி, உப்புத் தண்ணீரில் 14 மணி நேரம் ஊற வைத்தேன். அரை மணி நேரம் நன்றாகக் கொதித்த பிறகு தீயைக் குறைத்து, தண்ணீர் வற்றியபோதெல்லாம் வெந்நீர் ஊற்றினேன். ஒன்றரை மணி நேரத்தில் விரலால் அழுத்தினாலே நசுங்கியது. ஐந்தாறு எடுத்துக் கடித்துப் பார்த்து, எல்லாமே வெந்ததை உறுதிசெய்துகொண்டேன். பிறகு வதக்கிய வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட். அவை குழைந்ததும் தக்காளி, மிளகு. வாசம் வந்துவிட்டது. அதே வாசம்.

இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. கெட்டித்தன்மை கொஞ்சம் குறைகிறது. மீதியை எத்தனை நாள் வைக்கலாம்?

பதில் 2:
தக்காளி போடுவதற்கு முன் இரண்டு கரண்டி ராஜ்மாவையும் சில உருளைக்கிழங்குத் துண்டுகளையும் பாத்திரத்தின் ஓரத்திலேயே கரண்டியால் நசுக்கிக் கலந்துவிடுங்கள். அந்த மாவுச்சத்தே கெட்டியாக்கிவிடும், வேறு மாவு எதுவும் வேண்டாம். ஆறும்போது இன்னும் இறுகும், அதனால் அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள். அப்புறம், குளிர்காலம்தானே என்று இரவு முழுக்க அடுப்பின் மேலேயே விட்டுவிடாதீர்கள். அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். சூடு செய்யும்போது அரைக் கிண்ணம் வெந்நீர் விட்டு, அடி பிடிக்காமல் கிளறி, நன்றாகக் கொதி வந்ததும் பரிமாறுங்கள்.