20 நானோமீட்டர் வைரஸ் ஃபில்ட்டர் பாதியிலேயே அடைத்துக்கொள்கிறது, உதவுங்கள்

எஸ்எஃப்9 பூச்சி செல்லில் பேக்குலோவைரஸ் கொண்டு எடுக்கும் புரதத் தடுப்பூசி. பேக்குலோவைரஸ், இந்தச் செல்லிலேயே இருக்கக்கூடிய ராப்டோவைரஸ் இரண்டுக்கும் கொழுப்பு உறை உண்டு, டிட்டர்ஜெண்ட் படியிலேயே செயலிழந்துவிடும். உறையில்லாத, மிகச் சிறிய பார்வோ வகை வைரஸுக்கு இந்த ஃபில்ட்டரைத்தான் நம்பியிருக்கிறோம்.

ஆனியன் எக்ஸ்சேஞ்ச் (மின்னூட்டத்தை வைத்துப் புரதத்தைச் சுத்திகரிக்கும் படி) முடிந்து வரும் கரைசல்: புரதம் லிட்டருக்கு 4 கிராம், 20 மில்லிமோலார் பாஸ்பேட், பிஎச் 7.2. பிரஷர் 2 பார். மூன்று வாரத்தில் நான்கு ஓட்டம், நான்கிலும் ஒரே கதை. சதுர மீட்டருக்கு 300 லிட்டர் போக வேண்டும். 60 லிட்டரிலேயே வேகம் கால்வாசியாகிவிடுகிறது. பிரஷர் அசையாமல் நிற்க, வடிந்து சேரும் கரைசலின் எடை தராசில் ஏறுவது மட்டும் மந்தமாகிறது. பஃபர் விட்டு அலசினாலும் வேகம் திரும்பவில்லை. அதனால் துளைகளே அடைபட்டதாகத்தான் தெரிகிறது. கரைசல் கண்ணுக்குத் தெளிவு, ஆனால் டிஎல்எஸ்ஸில் (ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவு பார்க்கும் சோதனை) 70 நானோமீட்டர் பக்கம் சிறு மேடு: புரதத் திரட்டு. உறையவைத்து உருக்கிய சரக்கில் இன்னும் மோசம்.

செய்து பார்த்தவை: 0.1 மைக்ரான் முன்வடிப்பு, பலனில்லை. உப்பை 50லிருந்து 150 மில்லிமோலார் ஆக்கியதில் கொஞ்சம் முன்னேற்றம். ஒட்டிப்பிடிக்கும் நைலான் முன்வடிப்பில் 200 லிட்டர் வரை போனது, ஆனால் புரதம் 12 சதவீதம் போய்விட்டது. இடையில் நிறுத்தி எடுக்கவும் பயம்; பிரஷர் விழும்போதுதான் பார்வோவைரஸ் கசியும்.

புரதத்தை இழக்காமல் இந்தத் திரட்டை ஃபில்ட்டருக்கு முன்பே குறைக்க, ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் சேர்ப்பதோ வேறு முன்வடிப்போ யாருக்காவது பலன் தந்திருக்கிறதா?