உதவி: ஆந்தைத் தொப்பியின் காதுமூடி கோணலாக வருகிறது (அவசரம்)

நல்லூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் மகனுக்கு ஆந்தை முகம் வைத்த குளிர்த் தொப்பி ஒன்று குரோஷேயில் (கொக்கி ஊசியால்) பின்னுகிறேன். தொப்பி முடிந்துவிட்டது. காதுமூடி இரண்டையும் பின்னிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று கன்னத்துக்கு வருகிறது, மற்றது பிடரிக்குப் போகிறது. கண்களைக் குண்டூசி குத்தி வைத்துப் பார்த்தேன், ஆந்தை யாரையோ கடைக்கண்ணால் பார்க்கிறது. மூடியின் ஓரமும் சுருண்டு மேலே போகிறது. வீடியோவில் சொன்னபடியேதான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கனடா போகிறார், அவரிடம் கொடுத்துவிட வேண்டும். எங்கே பிழை? கெதியாகச் சொல்லுங்கள்.

சுன்னாகம் அக்கா:
என்ன நூல், எத்தனையாம் நம்பர் ஊசி, பிள்ளைக்கு எத்தனை வயது? ஒன்றுமே சொல்லவில்லையே தங்கச்சி. ஒரு படமாவது போடுங்கோ.

ஊசியும் நூலும்:
ஒவ்வொரு சுற்றின் முடிவையும் தொடக்கத்தோடு இணைக்கிற ஸ்லிப் ஸ்ரிச் என்ற தையலைப் போட்டு மூடினீர்களா, இல்லை மூடாமல் சுருளாகவே போனீர்களா? விளிம்பில் எத்தனை தையல் இருக்கிறது? காதுமூடியை எங்கிருந்து எண்ணித் தொடங்கினீர்கள்?

கொக்குவில் ரீச்சர்:
கார்த்திகை பிறந்தால் இதே கேள்வி வந்துவிடும். மேலே தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. முதலில் தையலை எண்ணப் பழக வேண்டும், பிறகுதான் ஆந்தையும் பூனையும். மேலும், காதுமூடித் தொப்பி என்பது பெருவில் அந்தீஸ் மலைக்காரர் அணியும் சுல்லோ. அது இரண்டு கம்பியில் பின்னுவது, குரோஷே அல்ல. வீடியோ போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசமே தெரிவதில்லை.

நல்லூர்க்காரி:
ஊசி 5. நூல் சாதாரண ஊல்தான், கடையில் லேபல் இல்லாமல் உருண்டையாகக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயது. படம் ஏற மாட்டேன் என்கிறது. ரீச்சர், பெருக் கதை பிறகு கேட்கிறேன், இப்போது காதைச் சொல்லுங்கள்.

ஊசியும் நூலும்:
சுற்றை மூடினீர்களா இல்லையா?

ஸ்காபரோ மாமி:
பிள்ளை, எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் ஊரில் கொன்வென்ற்றில் பழகியது பிரித்தானிய முறை. வீடியோக்காரர் அமெரிக்க முறை. அவர்கள் டபிள் என்று சொல்லும் தையலை நாங்கள் ரெபிள் என்போம், எங்கள் டபிள் அவர்களுக்கு சிங்கிள் என்ற குட்டைத் தையல். அதைக் கவனிக்காமல் பின்னினால் முழுத் தொப்பியுமே மாறிப்போகும். எனக்கு நடந்த கதை இது.

சுன்னாகம் அக்கா:
அப்படியென்றால் தொப்பி உயரம் குறையும், சிறுக்கும். ஒரு காது முன்னுக்கும் ஒரு காது பின்னுக்கும் போகாதே மாமி.

ஸ்காபரோ மாமி:
எதற்கும் பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மானிப்பாய் மைனா:
நூல்தான் காரணம். லேபல் இல்லாத உருண்டை என்றால் அக்கிரிலிக் என்ற செயற்கை நூல்தான். சுருளுவது அதனால்தான். நல்ல செம்மறியாட்டு ஊல் வாங்கிப் பின்னியிருந்தால் படிந்து கிடக்கும்.

ஸ்காபரோ மாமி:
இங்கே கனடாவில் மூன்று வயதுப் பிள்ளையின் தொப்பி வாரம் ஒருமுறை மெஷினுக்குள் போகும். ஆட்டு ஊலைச் சுடுதண்ணீரில் சுற்றினால் பொம்மைக்குத்தான் போடலாம். அக்கிரிலிக்கே இருக்கட்டும். ஆனால் ஓரம் படியவில்லை என்று அயன்பெட்டியை அதன்மேல் வைத்துவிடாதே பிள்ளை, நார் இளகித் தொய்ந்துவிடும். திரும்ப வராது.

கரவெட்டியான்:
சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். ஆந்தை அலறினாலே மனம் பதைக்கிற ஊரில் இருந்துகொண்டு, அதைப் பிள்ளையின் தலையில் வைத்து அனுப்புகிறீர்களே. ஒரு யானை பின்னியிருக்கலாம். காதுமூடியே யானையின் காதாகிவிடும், வேலையும் மிச்சம்.

இளவாலைத் தம்பி:
அண்ணை, வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம். எங்கள் வயலில் எலி பிடிப்பதும் அதுதான்.

கரவெட்டியான்:
தொப்பி வங்காளத்துக்குப் போகவில்லை.

இளவாலைத் தம்பி:
கனடாவுக்குத்தானே போகிறது? கியூபெக் மாகாணத்தின் பறவையே பனி ஆந்தை. 1987இல் அறிவித்தார்கள்.

கொக்குவில் ரீச்சர்:
பிள்ளை ஒன்ராறியோவில் இருந்தால் அங்கே மாகாணப் பறவை லூன் என்ற நீர்ப்பறவை. அரைகுறையாகச் சொல்லக்கூடாது.

இளவாலைத் தம்பி:
சரி ரீச்சர். அப்படியே இன்னொன்று: கூகை என்ற ஆந்தைக்கு இரண்டு காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. சத்தம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். ஆகவே அக்காவின் தொப்பியில் பிழையே இல்லை. சில ஆந்தைகளின் தலையில் கொம்பு போல இருக்கிறதே, அது வெறும் இறகு, காது இல்லை. கூகைக்கு அதுவும் கிடையாது.

நல்லூர்க்காரி:
தம்பி, பகிடி விடாமல் இரும். இங்கே அந்தத் தொப்பியைப் போட்ட பிள்ளை வேர்த்துக் கொட்டி அழுகிறது, இனிப் போட்டுப் பார்க்க விடமாட்டாள். ஊசியும் நூலும், ஓம், ஒவ்வொரு சுற்றும் ஸ்லிப் ஸ்ரிச் போட்டு மூடினேன். உச்சியில் 12 தையலில் தொடங்கி, சுற்றுக்கு 12 கூட்டி, 60 வந்ததும் கூட்டுவதை நிறுத்தினேன். கண்களை உச்சியில் மூட்டு (சுற்றுகளை மூடிய கோடு) தொடங்கிய இடத்துக்கு நேர் எதிரே வைத்தேன். காதுமூடியை விளிம்பில் மூட்டு முடிகிற இடத்திலிருந்து எண்ணினேன். இரண்டுக்கும் நடுவில் முன்னுக்கும் பின்னுக்கும் சம அளவு விட்டேன்.

ஊசியும் நூலும்:
இதை முதலே சொல்லியிருக்கலாம். இரண்டு காரணம் இருக்கிறது.

சுற்றாகப் பின்னும்போது ஒவ்வொரு தையலும் கீழே உள்ளதற்கு நேர் மேலே உட்காராது, சற்றே ஒதுங்கி உட்காரும். வலக்கைக்காரருக்கு மூட்டு வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வரும். உச்சியில் பிடரிக்கு நேராகத் தொடங்கிய மூட்டு விளிம்புக்கு வரும்போது சில தையல் தள்ளிப் போய்விடும். நீங்கள் கண்ணுக்கு மூட்டின் மேல் முனையையும் காதுக்கு அதன் கீழ் முனையையும் நம்பியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே இடம் இல்லை. அதுதான் கடைக்கண்.

மற்றது, முன்னும் பின்னும் சமமாக விடக்கூடாது. காது தலையின் நட்டநடுவில் இல்லை, சற்றுப் பின்னால் இருக்கிறது. நெற்றிப் பக்கம் கூடவும் பிடரிப் பக்கம் குறையவும் வேண்டும். விளிம்பை ஐந்தாகப் பிரியுங்கள். பின்னுக்கு ஒரு பங்கு, காதுமூடிக்கு ஒவ்வொரு பங்கு, முன்னுக்கு இரண்டு பங்கு. 60 என்றால் பின்னுக்கு 12, மூடிக்கு 12, முன்னுக்கு 24, மற்ற மூடிக்கு 12. தொப்பியை அவிழ்க்கத் தேவையில்லை, மூடிகளை மட்டும் அவிழ்த்தால் போதும். எல்லைகளில் வேறு நிற நூல் துண்டு கட்டிக்கொண்டு தொடங்குங்கள்.

கண்களைக் கடைசியாக வையுங்கள். இரண்டு மூடியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தொப்பியை மடித்தால் முன்பக்கம் மடிகிற கோடுதான் மூக்கு. அந்தக் கோட்டில் அலகைத் தைத்து, அதன் இருபுறமும் கண். மூட்டு இருக்கும் இடத்தை மறந்துவிடுங்கள்.

ஆனால் முதலில் விளிம்பை எண்ணிப் பாருங்கள், உண்மையில் 60தானா? ஸ்லிப் ஸ்ரிச்சின் தலையையும் ஒரு தையல் என்று நினைத்து அதற்குள் குத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடும்.

மானிப்பாய் மைனா:
சுருளுகிறதே, அதற்கு?

ஊசியும் நூலும்:
கை இறுக்கம். மூடியைச் சிங்கிளில் பின்னுகிறபோது பலரும் இறுக்கிவிடுவார்கள். மூடிக்கு மட்டும் 5.5 ஊசி எடுக்கலாம். முடிவில் தொப்பியின் விளிம்பும் மூடியும் சேர்த்து முழுக்க ஒரு சுற்றுச் சிங்கிள் ஓட வேண்டும், மூடியின் நுனியில் ஒரே தையலுக்குள் மூன்று. அதைச் செய்யாமல் விட்டால் எந்த நூலும் சுருளும், ஆட்டு ஊலும் சுருளும்.

மானிப்பாய் மைனா:
ஆட்டு ஊல் இவ்வளவு சுருளாது என்பதே என் அனுபவம்.

கொக்குவில் ரீச்சர்:
மூட்டே சாயாமல் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் திருப்பிப் பின்ன வேண்டும். ஒரு சுற்று வலம் சாய்ந்தால் அடுத்தது இடம் சாய்ந்து சமனாகும். இதை யாரும் சொல்லவில்லை.

சுன்னாகம் அக்கா:
ரீச்சர், இதை முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாமே.

ஸ்காபரோ மாமி:
இன்னொன்று. மூடியின் நுனியில் நீளப் பின்னல் கயிறு தொங்கவிடுவார்களே, வடிவுதான், ஆனால் வேண்டாம். விளையாட்டுச் சறுக்கியில் சிக்கிக் கழுத்தை இறுக்கும். சிறுவர் உடுப்பில் நாடா இருந்தால் எடுத்துவிடச் சொல்லிக் கனடாச் சுகாதாரத் துறையே சொல்கிறது. குஞ்சம் ஒன்று சின்னதாக வை, போதும். கண்ணுக்குப் பொத்தானும் வேண்டாம், நூலிலேயே வட்டம் பின்னித் தை.

கரவெட்டியான்:
ஆந்தைக்குக் கண்ணே வைக்காமல் விட்டாலும் நல்லது.

இளவாலைத் தம்பி:
கண் இல்லாவிட்டால் அது வெறும் மண்ணிறத் தொப்பி அண்ணை.

கரவெட்டியான்:
அதைத்தான் சொல்கிறேன்.

சுன்னாகம் அக்கா:
தங்கச்சி, என்ன நடந்தது? ஞாயிறு போய்விட்டதே.

நல்லூர்க்காரி:
விளிம்பில் 63 இருந்தது. கடைசிச் சுற்றை அவிழ்த்து, மூன்று இடத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்து 60 ஆக்கினேன். 12, 24 கணக்கு சரியாக வந்தது. கயிறு வைக்கவில்லை. சாமான் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

சுன்னாகம் அக்கா:
படம்?

மானிப்பாய் மைனா:
5.5 ஊசி யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைத்தது? நான் கேட்ட கடைகளில் 5க்குப் பிறகு நேராக 6தான் இருக்கிறது.

இளவாலைத் தம்பி:
அக்காமாரே, யானைத் தொப்பிக்குத் தும்பிக்கை பின்னினால் நிமிர்ந்து நிற்க உள்ளே என்ன அடைப்பது? கேட்டது கரவெட்டி அண்ணைதான், நேரே கேட்க வெட்கப்படுகிறார்.

ஊசியும் நூலும்:
என்ன நூல், எத்தனையாம் நம்பர் ஊசி, பிள்ளைக்கு எத்தனை வயது?