டிரெஸ்ஸிங் அறையில் இறுகிப்போன முகம்

தீக்காயப் பிரிவுக்குப் போன புதிதில், டிரெஸ்ஸிங் மாற்றும்போது முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் மூத்த செவிலியர் எனக்குச் சொன்ன முதல் பாடம். பழைய காஸ் துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். சலைன் ஊற்றி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். மாஸ்க்குக்குள் கன்னத்தின் உட்சதையைக் கடித்துக்கொண்டு, கண்ணிலும் எதுவும் தெரியாதபடி வேலை பார்ப்பேன். ஒரு நாள் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, "என்மேல் கோபமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டாள். அருவருப்பை மட்டும் மறைப்பதாக நினைத்திருந்தேன். இரக்கமும் அதோடு சேர்ந்து மறைந்துபோயிருந்தது.

ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்களின் 1993ஆம் ஆண்டு ஆய்வைப் பின்னாளில் படித்தபோது, என்னையே படித்ததுபோல் இருந்தது. அருவருப்பூட்டும் படக்காட்சிகளைக் காட்டி, உணர்ச்சி வெளியே தெரியக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு முகம் அடங்கியதே தவிர, உள்ளே அருவருப்பு குறையவில்லை. உடலின் பதற்றக் குறிகள் சில கூடவும் செய்தன. கிராஸின் 1998 ஆய்வில், காட்சியை விலகி நின்று, அதன் நுட்பத்தைக் கவனித்துப் பார்க்கச் சொன்னபோதோ அருவருப்பே குறைந்தது.

இப்போதெல்லாம் கட்டைப் பிரித்ததும், புதுச்சதை எங்கே சிவந்து அரும்பியிருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன். கண்டதை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறேன். அதன்பின் முகத்தைக் காவல் காக்க வேண்டியிருப்பதில்லை. குழந்தைகள் அலறும்போது மட்டும் இந்த வித்தை பலிப்பதில்லை. கன்னம் இன்றும் கடிபடுகிறது.

மறுமொழி:

அக்கா, நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவன். வெந்நீர் கொட்டி வலக்கை வெந்துபோயிருந்தது. எனக்கு டிரெஸ்ஸிங் மாற்றியவர் முகம் சுளித்ததே இல்லை; பேசியதும் இல்லை. மருத்துவமனையில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனாலும் அவருடைய அசையாத முகத்தைப் பார்த்துப் பார்த்து, கையை எடுக்கப்போகிறார்கள், அதைத்தான் மறைக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, மூன்று இரவுகள் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தபடி விழித்துக் கிடந்தேன். நான்காம் நாள் துணிந்து கேட்டபோது, "நன்றாகத்தானே ஆறி வருகிறது, யாரும் சொல்லவில்லையா?" என்று அவர் திகைத்து நின்றார்.